நாய்க்குப் போய் நினைவுக்கல்லா?
13 வருடம் கூடவே இருந்த உங்கள் நாய் மணியை ஊர்த் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மேலே செம்பருத்திச் செடி வைக்கலாமா என்கிறீர்கள். வீட்டிலோ "நாய்க்குப் போய் சமாதியா" என்று சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களிடம் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொல்லுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். வீரனுக்குப் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாம். அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். 1,400 வருடம் ஆகப்போகிறது, பெயர் அப்படியே இருக்கிறது.

சரி, செடி. இப்போதே நேர் மேலே வைக்காதீர்கள். உடல் மக்கும்போது இளம் வேர் கருகிவிடும், மண்ணும் அமுங்கும். இரண்டடி தள்ளி வையுங்கள். குழி மூன்றடி ஆழம்கூட இல்லையென்றால் மேலே இன்னும் மண் போட்டு, கனமான கல் ஒன்றை ஏற்றிவிடுங்கள், தெருநாய்கள் தோண்டும்.

எங்கள் பூனை போனபோது அதன் பால் கிண்ணத்தை மூன்று மாதம் யாரும் தொடவில்லை. ஓரத்தில் பல் பட்ட தடம் இருந்தது. அப்புறம் அம்மாதான் அதில் காக்கைக்குத் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார். மணியின் கழுத்துப்பட்டையை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.