வெவ்வேறு இனக் கடல் அலங்கார மீன்கள் ஒன்றோடொன்று கூடி இனப்பெருக்கம் செய்யுமா?

செய்யும், ஆனால் நெருங்கிய உறவுடைய இனங்களுக்குள் மட்டுமே. இரு தனி இனங்கள் கூடிப் பெறும் வாரிசையே கலப்பினம் என்கிறோம்.

கோமாளி மீன்கள் இதற்கு நல்ல சான்று. பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகளை ஒட்டிய கடலில், தலையில் வெள்ளைத் தொப்பி வைத்தாற்போன்ற திட்டுடைய ‘ஆம்பிப்ரியான் லியூகோக்ரானோஸ்’ வாழ்கிறது. 1973-இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட அது, உண்மையில் கிரைசோப்டெரஸ், சாண்டராசினோஸ் என்னும் இரு கோமாளி இனங்களுக்குப் பிறந்த கலப்பு என்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

ஒரே உறைவிடத்தைப் பகிர்வதே இதற்கு முக்கியக் காரணம். பூப்போல் விரிந்த உணர்கொம்புகளுடைய கடல்வாழ் விலங்கான கடல் சாமந்திதான் (sea anemone) கோமாளி மீனுக்கு வீடு; ஒண்டுக்குடித்தனத்தில் இரு குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்வதுபோல, இவ்விரு இனங்களும் சில இடங்களில் ஒரே சாமந்தியில் சேர்ந்து தங்குகின்றன. கூட்டத்தில் மிகப் பெரிய மீன் பெண்ணாகவும் அடுத்தது ஆணாகவும் அமைவது கோமாளி மீன்களின் வழக்கம் என்பதால், உடல் பெருத்த கிரைசோப்டெரஸ் தாயாகவும் சிறிய சாண்டராசினோஸ் தந்தையாகவும் ஆகிவிடுகின்றன. இன்னும் வியப்பானது, இந்த வாரிசுகள் மலடல்ல. பெற்றோர் இனத்தோடு மீண்டும் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன.

கடைகளில் விசித்திரமான கோடுகளோடு விற்கப்படும் கோமாளி மீன்கள் யாவும் கலப்பினம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல; ‘ஸ்னோஃப்ளேக்’ போன்றவை ஒரே இனத்துக்குள் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட வண்ண வகைகளே.