வீட்டிலிருந்தே ஓட்டு: மூத்த வாக்காளர்களின் சந்தேகங்களுக்குப் பதில்கள்

தேர்தல் நெருங்கும்போது வயதானவர்கள் உள்ள வீடுகளிலிருந்து தபால் ஓட்டு பற்றி நிறையக் கடிதங்கள் வருகின்றன. சேலம் நகரிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவற்றில் பலருக்கும் பொதுவான கேள்விகளுக்கு இங்கே பதில்.

அம்மாவுக்கு 87 வயது. முழங்கால் வலி, மாடிப்படி இறங்க முடியாது. தபால் ஓட்டு போடலாம் என்கிறார்கள். தபால்காரர் எப்போது கொண்டுவருவார்? போஸ்ட் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டுமா?
*வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

தபால்காரர் வரமாட்டார், அஞ்சல் நிலையத்துக்கும் இதில் வேலை இல்லை. ராணுவத்தில் இருப்பவர்களின் ஓட்டுதான் அஞ்சலில் வந்து சேரும். 85 வயதைக் கடந்தவர்களுக்குத் தேர்தல் பணியாளர் குழு ஒன்று வீடு தேடி வந்து, வாக்குச்சீட்டைக் கொடுத்து, அங்கேயே போடச் செய்து, ஒட்டிய உறையை வாங்கிப் போகும். வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே இந்த வேலை முடிந்துவிடும்.

அந்தக் குழு தானாக வராது. வீட்டிலிருந்து ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் படிவம் 12டியை நிரப்பிக் கொடுத்தால்தான் வரும். முதல் முட்டுக்கட்டையே இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் காலக்கெடு மிகக் குறுகியது. தேர்தல் அறிவிக்கை (வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளில் வரும் அதிகாரபூர்வ அறிவிப்பு) வெளியான 5 நாட்களுக்குள் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கை வந்தது மார்ச் 20. படிவம் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 25. ஓட்டு ஏப்ரல் 19. கடைத்தெருவில் பிரசாரச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு விசாரிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு அதற்குள் வாசல் மூடிவிட்டது.

படிவத்தை உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வீட்டுக்கே கொண்டுவருவார். அப்போது கவனம் தேவை. படிவத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குவார். அது ஒப்புகை மட்டுமே, விண்ணப்பம் ஆகாது. அதில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, 12டியை அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் உண்டு. நிரப்பிய படிவம் அந்த 5 நாட்களுக்குள் அவர் கைக்குத் திரும்பப் போக வேண்டும். பெயர், முகவரி, வாக்காளர் அடையாள அட்டை எண், பட்டியலின் பாகம் எண், வரிசை எண், கைபேசி எண் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து எடுங்கள். பி.எல்.ஓ. யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணில் கேளுங்கள்.

அப்பாவுக்கு உண்மையில் 88 வயது. வாக்காளர் பட்டியலில் 81 என்று இருக்கிறது. ஆதாரைக் காட்டினால் 12டி கொடுப்பார்களா?
*வாசகர், அம்மாபேட்டை*

பட்டியலில் உள்ள வயதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பி.எல்.ஓ. கையில் இருக்கும் 85 வயதுக்கு மேற்பட்டோர் விவரமும் அதிலிருந்தே எடுக்கப்படுவது. உங்கள் அப்பாவின் பெயர் அதில் இல்லாததால் உங்கள் வீட்டுக்கு அவர் வரவே மாட்டார்.

இதைத் தேர்தல் அறிவித்த பிறகு சரிசெய்ய நேரம் இருக்காது. இப்போதே படிவம் 8 கொடுத்து, வயதுச் சான்றை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். இணையத்திலும் கொடுக்கலாம், பி.எல்.ஓ. வழியாகவும் கொடுக்கலாம். ஆதாரில் சரியான பிறந்த தேதி இருந்தால் அதுவே போதும். பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்கு ஆதாரிலும் உத்தேச வயதுதான் பதிவாகியிருக்கும். அப்படியானால் முதலில் ஆதாரை, பிறகு பட்டியலை என்று இரண்டு கட்டமாகப் போக வேண்டியிருக்கும்.

2019இல் இந்த வசதி வந்தபோது வரம்பு 80 வயது. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்து போட்டார்கள். 2024 மார்ச்சில் அதை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். “போன தடவை வந்தார்களே, இந்தத் தடவை ஏன் வரவில்லை” என்று 82, 83 வயதுக்காரர்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான். உடம்பு தளர்ந்துகொண்டே போகும் வயதில் ஒருமுறை கிடைத்த வசதியை அடுத்தமுறை இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். எங்கள் கருத்தில் 80 என்ற வரம்பே நியாயமானது.

என் கணவருக்கு 74 வயது. பக்கவாதம் வந்து இடது கை, கால் வரவில்லை. 85 ஆகாததால் வழியே இல்லையா?
*வாசகி, வாழப்பாடி*

இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் இருப்பதாகச் சான்று உள்ளவர்கள் எந்த வயதிலும் 12டி கொடுக்கலாம். சான்றின் நகலைப் படிவத்தோடு இணைக்க வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டோ, டாக்டர் கடிதமோ செல்லாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை) வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதற்கு வழி கேளுங்கள். மருத்துவர் பரிசோதித்துச் சதவீதம் குறிக்க வேண்டும் என்பதால் ஓரிரு நாளில் கையில் வராது. சான்று வந்ததும் படிவம் 8இலேயே மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் பி.எல்.ஓ. தானே 12டியோடு வருவார்.

நாங்கள் இருப்பது நாகலூர் பக்கம். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் காப்பித் தோட்டத்துக்குள் நடந்துதான் வர வேண்டும். டவர் கிடைக்காது. தாத்தா 12டி கொடுத்தால் குழு வருமா? வரும்போது நாங்கள் இல்லாவிட்டால்?
*வாசகர், ஏற்காடு மலை*

வரும். இரண்டு தேர்தல் பணியாளர்கள், நடைமுறை சரியாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் ஒரு நுண் பார்வையாளர், வீடியோ எடுப்பவர், பாதுகாப்புக்குப் போலீஸ் ஆகியோர் சேர்ந்த குழு அது. ஏற்காடு தொகுதி மலையில் தொடங்கி வாழப்பாடிச் சமவெளி வரை விரிந்து கிடப்பது. குழு ஒரு நாளுக்கு இத்தனை வீடு என்று பாதை போட்டுக்கொண்டு வருவதால், ஒரு வீட்டைத் தேடி அலைந்தால் அடுத்த வீடுகளெல்லாம் தள்ளிப்போகும்.

வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறுஞ்செய்தியாகவோ பி.எல்.ஓ. மூலமாகவோ சொல்வார்கள். மலையில் சிக்கல் இங்கேதான். தாத்தாவின் கைபேசி எண்ணைப் படிவத்தில் எழுதினால், செய்தி டவர் கிடைக்கிற இடத்துக்கு அவர் போகும்போதுதான் வந்து விழும், அதற்குள் குழு வந்து போயிருக்கும். ஆகவே ஏற்காடு டவுனிலோ சேலத்திலோ இருக்கும் மகன், பேத்தி என்று உடனே போன் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். முகவரியில் எஸ்டேட் பெயரோடு நிறுத்தாமல், பஸ் நிற்கும் இடம், கோயில், ரேஷன் கடை என்று எதிலிருந்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அன்று ஒருவர் ரோட்டுக்கு வந்து அழைத்துப் போனால் நல்லது.

முதல் தடவை ஆள் இல்லை என்றால் இன்னொரு நாள் சொல்லிவிட்டு இரண்டாவது முறை வருவார்கள். அப்போதும் இல்லை என்றால் அவ்வளவுதான். மூன்றாவது முறை கிடையாது. பூத்துக்குப் போயும் போட முடியாது. 12டி ஏற்கப்பட்டதுமே பட்டியலில் அவர் பெயருக்கு நேராகத் தபால் வாக்கு என்பதற்கான குறியைப் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு, பேரன் கல்யாணத்துக்கு என்று வெளியூர் போகும் திட்டம் அந்த வாரங்களில் இருந்தால், 12டி கொடுக்கும் முன் யோசியுங்கள்.

மலைவாசிகளுக்கு இன்னொரு தகவல்: ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைத் தேர்தலில் அது கள்ளக்குறிச்சித் தொகுதியைச் சேர்ந்தது. சேலம் நகரில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் வேட்பாளர் பெயர்கள் உங்கள் சீட்டில் இருக்காது. தாத்தா சீட்டைப் பார்த்துக் குழம்பாதபடி முன்பே சொல்லி வையுங்கள்.

பாட்டிக்குக் கை நடுங்கும், கண்ணும் மங்கல். சீட்டில் குறி போட நான் உதவலாமா? உறைகள் நிறைய இருக்கும் என்கிறார்களே, எதில் எதை வைப்பது?
*வாசகர், தாதகாப்பட்டி*

முதலில் அடையாளம் பார்ப்பார்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம் போன்றவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை.

தானே குறி போட முடியாத அளவுக்குப் பார்வைக் குறையோ தளர்ச்சியோ இருந்தால், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பாட்டி சொல்லும் பெயருக்கு நேராகக் குறியிடுவது மட்டுமே துணைவரின் வேலை. அதை வெளியே சொல்லவும் கூடாது. கை நடுங்கினாலும் பேனாவைப் பிடிக்க முடிகிறது என்றால் பாட்டியையே போடவிடுங்கள். குறி அழகாக இருக்க வேண்டியதில்லை. டிக் ஆகட்டும், பெருக்கல் குறி ஆகட்டும், யாருக்கு என்பது சந்தேகம் இல்லாமல் தெரிந்தால் செல்லும். இரண்டு வேட்பாளருக்கு நடுக் கோட்டில் விழுந்தால்தான் ஆபத்து. சீட்டுக்கு அடியில் கெட்டியான அட்டை ஒன்றை வைத்து, வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காரவைத்தால் அது நேராது.

குழு மறைப்பு அட்டை கொண்டுவரும். வீடியோ எடுக்கலாம், ஆனால் குறியிடுவதை எடுக்கக் கூடாது. கட்சிக்காரர்கள் யாராவது உடன் வரக்கூடும், ஏனென்றால் 12டி கொடுத்தவர்கள் பட்டியலும் குழு போகும் நேரமும் வேட்பாளர்களுக்கும் தரப்படுகிறது. அவர்களும் மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முடியாது. அதைவிட அதிகம் நடப்பது வீட்டுக்குள் நடக்கும் வற்புறுத்தல். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று “அந்தச் சின்னத்துக்குப் போடு” என்பது உதவி ஆகாது. பாட்டி விரும்பினால் உங்களை வெளியே நிற்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

இனி உறைகள். கையில் தருவது நான்கு: வாக்குச்சீட்டு, 13ஏ என்ற உறுதிமொழித் தாள், 13பி என்ற சின்ன உறை, 13சி என்ற பெரிய உறை. இவற்றோடு வரும் 13டி அறிவுரைத் தாள் மட்டுமே, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. குறியிட்ட சீட்டை மடித்து 13பிக்குள் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏவில் கையெழுத்தோ கைரேகையோ வைத்ததும் அதிகாரி சான்றொப்பம் இடுவார். பிறகு ஒட்டிய 13பி, கையெழுத்தான 13ஏ இரண்டையும் தனித்தனியாக 13சிக்குள் வைத்து மூட வேண்டும்.

மூத்தவர்களின் ஓட்டு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண்ணும்போது முதலில் 13சியைத் திறந்து 13ஏவைத் தேடுவார்கள். அது இல்லை என்றால் சின்ன உறையைத் திறக்கவே மாட்டார்கள், ஓட்டு தள்ளுபடி. உறுதிமொழித் தாளையும் சீட்டோடு சேர்த்துச் சின்ன உறைக்குள் திணித்துவிட்டால் இதுதான் கதி. 13ஏவில் வாக்காளர் கையெழுத்தோ அதிகாரியின் சான்றொப்பமோ விடுபட்டாலும் அதே. 13ஏவில் எழுதிய சீட்டின் வரிசை எண்ணும் 13பி மேலே உள்ள எண்ணும் வேறுபட்டாலும் அதே. ஒரே வீட்டில் தாத்தா, பாட்டி இருவரும் போடும்போது உறைகள் மாறிப்போனால் இரண்டு ஓட்டும் போகும். ஒருவருடையதை முழுவதும் ஒட்டி முடித்த பிறகு மற்றவருடையதை எடுக்கச் சொல்லுங்கள். குழு கிளம்பும் முன் அந்த எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

சீட்டின் மேலேயே கையெழுத்துப் போடுவது இன்னொரு பழக்கம். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். போட்டவர் யார் என்று காட்டும் எந்த அடையாளம் சீட்டில் இருந்தாலும் அது செல்லாது. கையெழுத்து 13ஏவில் மட்டும்.

எனக்கு 86. மெதுவாக நடப்பேன். வீட்டு ஓட்டா, பூத் ஓட்டா, எது நல்லது?
*வாசகர், அஸ்தம்பட்டி*

ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறது என்றால் பூத்துக்கே போங்கள் என்பது எங்கள் பதில். 12டி ஒரு விருப்பம், கட்டாயம் இல்லை. பி.எல்.ஓ. கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம். இயந்திரத்தில் செல்லாத ஓட்டு என்ற பேச்சே இல்லை. பொத்தானை அழுத்தியதும், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி சீட்டு தெரியும், சரியாக விழுந்ததா என்று நீங்களே பார்க்கலாம். மூத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, சாய்தளமும் சக்கர நாற்காலியும் இருக்க வேண்டும். உங்கள் பூத்தில் அவை இருக்கின்றனவா என்று ஒரு வாரம் முன்பே பி.எல்.ஓ.விடம் கேளுங்கள். பொத்தானை அழுத்த இயலாவிட்டால் அங்கேயும் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், ஆனால் ஒருவர் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணை போக முடியும். சேலத்து ஏப்ரல் வெயிலில் காலை 7 மணிக்கே போய்விடுவது உத்தமம்.

படுக்கையில் இருப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள், மலையில் பூத் தொலைவில் உள்ளவர்கள் தயங்காமல் 12டி கொடுக்கட்டும்.

போட்ட ஓட்டு எண்ணப்பட்டதா என்று எப்படித் தெரியும்?
*வாசகி, சூரமங்கலம்*

தனி ஒருவரின் சீட்டு என்ன ஆனது என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் ரகசியம் போய்விடும். எண்ணிக்கை நாளில் காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளைத்தான் முதலில் எடுப்பார்கள். தள்ளுபடி ஆனவை எத்தனை என்ற கணக்கு உண்டு. வெற்றி வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், தள்ளுபடியான தபால் சீட்டுகள் அனைத்தையும் மீண்டும் சரிபார்த்த பிறகே முடிவு அறிவிக்க வேண்டும்.

அம்மாவின் பெயர் சேலம் குகை பகுதிப் பட்டியலில் இருக்கிறது. இப்போது பெங்களூரில் என்னோடு இருக்கிறார். குழு இங்கே வருமா?
*வாசகி, பெங்களூர்*

வராது. குழு அந்தந்தத் தொகுதிக்குள் மட்டுமே சுற்றும். அம்மா நிரந்தரமாக உங்களோடுதான் என்றால் படிவம் 8 கொடுத்துப் பெயரை அங்கே மாற்றுங்கள். திரும்பிவரும் எண்ணம் இருந்தால் பெயரைச் சேலத்திலேயே வைத்து, 12டி கொடுத்து, குழு வரும் நாட்களில் அம்மா குகை வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது (வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்த பணி) வீடு பூட்டியிருந்ததா என்று நினைத்துப் பார்த்து, அம்மாவின் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்பதை இன்றே சரிபாருங்கள். இல்லை என்றால் படிவம் 6 கொடுத்துப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும்.