கோழிக்கு என்ன விரிப்பது?

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் வலை அடித்து எட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பன்னிரண்டுக்குப் பத்தடி இடம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஒரே சேறு, நாற்றம். மரத்தூள் போடலாமா, ஆற்றுமணல் கொட்டலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மரத்தூள் வேண்டவே வேண்டாம். குன்னூருக்குக் குடிவந்த புதிதில், மர மில்லில் சும்மா கிடைக்கிறதே என்று நாலு மூட்டை தூள் கொண்டுவந்து கொட்டினேன். இரண்டு நாள் பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் மழையில் ஊறி, புளித்த தோசை மாவு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் இரத்தக்கழிச்சல் வந்து ஐந்து குஞ்சு போயிற்று. அந்தக் கிருமி எச்சத்தோடு வெளியே வரும். ஈரமும் கொஞ்சம் கதகதப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் அடுத்த கோழிக்குத் தொற்றத் தயாராகிவிடும்.

மணல் கெட்டதில்லை. ஆனால் மலையேற்றிவரும் வண்டி வாடகைக்கு இன்னும் நாலு கோழி வாங்கலாம். களிமண் தரையென்றால் அதுவும் சேற்றோடு சேறாகக் கலந்துவிடும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். சரிவின் மேல்பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வரும் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கீழ்ப்பக்கம் குறுக்கே ஒரு பலகை அடியுங்கள். இல்லாவிட்டால் எதைப் போட்டாலும் கோழி கிளறிக் கிளறிக் கீழே தள்ளிவிடும். எங்கள் கோழிகள் அப்படித் தள்ளிவிட்டதிலேயே கீழ்வீட்டம்மா இரண்டு வருஷம் முட்டைகோஸ் போட்டார்!

விரிப்புக்கு விறகுக்கடையில் சீகை (வாட்டில்) மரப் பட்டையும் மரச்சில்லுமாகக் கேளுங்கள். கூரான சிராய்களைப் பொறுக்கிவிட்டு அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். பெரிய சில்லு என்றால் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். அதற்கு மேல், தேயிலைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் மரச் சருகைப் போடுங்கள், நன்றாகக் காய்ந்ததாக. சாயங்காலம் ஒரு பிடி கேழ்வரகு தூவினால் கோழிகளே புரட்டிப்போட்டுவிடும். பெயின்ட் அடித்த மரமும் பிளைவுட் துண்டும் கலக்கக் கூடாது.

உமி கிடைத்தால் கூரை போட்ட கூண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே காற்றில் பறக்கும். மேட்டுப்பாளையத்தில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்காரரிடம் சொன்னால் கொண்டுவந்து தருவார். பூசணம் பிடித்த வைக்கோலை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கோழியின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

கூண்டுக்குள் இருக்கும் உமியை வாரம் ஒருமுறை கையில் அள்ளிக் கொழுக்கட்டை பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை வாரியெடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.