பரணில் காத்திருக்கும்போது உடல் விறைக்காமல் இருக்க

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாதத் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில், மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஏணிப் பரணில் அமர்ந்து வெள்ளைவால் மானுக்காகக் காத்திருக்கிறேன். எத்தனை உடைகளை அடுக்கினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கால்விரல்கள் மரத்துப்போய், இடுப்பும் முழங்கால்களும் இறுகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பரணில் நீங்கள் உணரும் குளிர் பெரும்பாலும் அங்கே நடந்து செல்லும் வழியிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லா உடைகளையும் அணிந்து, துப்பாக்கியையும் பையையும் சுமந்துகொண்டு இருட்டில் அரை மைல் நடந்தால் முதுகு நனைய வியர்க்கும். பிறகு அசையாமல் உட்காரும்போது அந்த ஈரம் ஆவியாகி, உடலின் சூட்டையும் தன்னோடு கொண்டுபோய்விடும். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்து, மெரினோ கம்பளியையோ பாலியெஸ்டரையோ உடலோடு ஒட்டி அணியுங்கள். தடித்த ஜாக்கெட்டைப் பையில் கட்டி எடுத்துச் சென்று, பரணடியில் சற்று நின்று, உடல் சூடு தணிந்த பின் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலுள்ள வெளியுடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். எனவே நடக்கும்போது அணிய மெல்லிய ஆரஞ்சு மேலங்கி ஒன்றும் தேவை.

காலை இதமாக இருக்கிறதே என்று ஜாக்கெட்டை வண்டியிலேயே விட்டுச் செல்லாதீர்கள். 1940 நவம்பர் 11 அன்று அப்படியொரு இதமான காலையை நம்பி, மெல்லிய உடையில் மிசிசிப்பி ஆற்றுக்கு வாத்து வேட்டைக்குப் போன பலர், அன்றே வீசிய பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தார்கள்.

கால்விரல் மரத்துப்போவதற்குப் பலரிடம் நான் காணும் காரணம், இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு மூன்று ஜோடிக் காலுறைகளைத் திணிப்பதுதான். அழுத்தத்தால் இரத்த ஓட்டம் குறைகிறது. குளிரைத் தடுக்கும் காற்றுக்கும் உள்ளே இடமில்லாமல் போகிறது. விரல்கள் தாராளமாக மடங்கும் அளவுக்குப் பெரிய பூட்ஸில் ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை போதும். பரணின் உலோகத் தட்டு காலின் சூட்டை உறிஞ்சாதபடி, பாதத்தின் கீழ் பழைய கம்பளத் துண்டையும் இருக்கையில் ஃபோம் திண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் வெப்பப் பொட்டலங்களில் உள்ள இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் சூடாகும். காற்றுப் புகாத பூட்ஸுக்குள் அது விரைவில் அடங்கிவிடும். அவற்றை உள்சட்டையின் மேல், வயிற்றுப் பகுதியில் வைப்பதையே நான் விரும்புகிறேன். நடு உடல் குளிர்ந்தால் உடல் தன் சூட்டைக் காக்கக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். நடு உடல் சூடாக இருந்தால் விரல்களுக்கும் இரத்தம் வரும். மது இதற்கு நேர்மாறானது: தோலுக்கு இரத்தத்தை வரவழைத்துச் சூடாக இருப்பதுபோல் காட்டி, உள்சூட்டை இழக்கச் செய்யும். பரணில் அதற்கு இடமே இல்லை.

இனி மூட்டுகளின் இறுக்கம். மானின் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் சிறு அசைவும் அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் உடைக்குள் நிகழும் தசை இறுக்கம் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை, பூட்ஸுக்குள் விரல்களைப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள். பிறகு குதிகால்களைத் தட்டில் அழுத்தித் தொடைகளை ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்துங்கள். அதேபோல் பிட்டத்தையும், அடுத்துத் தோள்பட்டை எலும்புகளை ஒன்றையொன்று நெருங்கும்படியும் இறுக்குங்கள். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை சுற்றிலும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பாதுகாப்புப் பட்டை மரத்தோடு இணைந்திருக்கும் நிலையிலேயே, இருபது எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு எழுந்து, முதுகை மரத்தில் சாய்த்துச் சில நிமிடங்கள் நில்லுங்கள்.

இறங்கும் நேரத்தில் அதிகக் கவனம் வேண்டும். விறைத்த முழங்காலும் மரத்த விரலும் ஏணிக்கு ஆகாதவை. துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை நீக்கிக் கயிற்றில் கீழே இறக்கியபின், கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையென்றால் அந்தக் கையால் ஏணிப் படியை நம்பிப் பிடிக்க முடியாது. கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றி, விரல்கள் சொன்னபடி கேட்கத் தொடங்கிய பிறகே முதல் படியில் கால் வையுங்கள். கட்டுக்கடங்காத நடுக்கம் வரும்வரையோ நாக்குக் குழறும்வரையோ காத்திருக்காதீர்கள். விரல்கள் தடுமாறத் தொடங்கும்போதே அன்றைய வேட்டையை முடித்துக்கொள்ளுங்கள்.