புரோகோரோவ்கா மாடலுக்கு எந்த டி-34, எந்த ஜெர்மன் டாங்கி?

கேள்வி: புரோகோரோவ்கா டாங்கிச் சண்டையை (1943 ஜூலை 12) 1:35 அளவில் மாடலாகச் செய்யப் போகிறேன். டி-34/85 கிட் ஒன்றும் பாந்தர் கிட் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தலாமா? இவற்றில் எது உசத்தி?

பதில்: ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லதாயிற்று. இந்த இரண்டு வண்டியுமே அன்று அந்தக் களத்தில் இல்லை.

டி-34/85 போருக்கு வந்ததே 1944-இல்தான். புரோகோரோவ்கா சண்டையை உள்ளடக்கிய பெரும் போரான குர்ஸ்க் போரில் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி இருந்தது உண்மை. சுமார் 200 வண்டிகள் வந்தன. ஆனால் அவை மேற்கே ஒபோயான் நகரத் திசையில் போரிட்டன. அவற்றில் பல, குண்டடி படும் முன்பே இயந்திரக் கோளாறால் நின்றுபோயின. புரோகோரோவ்காவில் மோதிய ஜெர்மனியின் எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் தனி ராணுவம்) டாங்கிப் படையிடம் பாந்தர் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே அதிகம் நின்றவை நீண்ட குழல் பூட்டிய பான்சர் 4, பான்சர் 3. கூடவே சில டைகர்கள். எதிரே சோவியத் தளபதி ரோத்மிஸ்த்ரோவின் 5-ஆவது காவலர் டாங்கிப் படை டி-34/76-களோடும் (76 மி.மீ. பீரங்கி பூட்டிய டி-34), டி-70 என்ற இலகு டாங்கிகளோடும் பாய்ந்தது. ஆகவே டி-34/76 கிட் ஒன்றும் பான்சர் 4 'ஜி' வகைக் கிட் ஒன்றும் வாங்குங்கள். 'எச்' வகை அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியிருந்தது.

சரி, எது உசத்தி? ஆண்டைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1941-இல் டி-34-இன் முன்பக்கக் கவசம் 45 மி.மீ. தகடுதான். ஆனால் அது 60 பாகை சாய்ந்திருந்ததால், நேராக வரும் குண்டு கிட்டத்தட்ட 90 மி.மீ. இரும்பைக் கடக்க வேண்டும். ஜெர்மானியரின் 37 மி.மீ. பீரங்கி அதனிடம் தோற்றுப்போனது. 1942 வசந்தத்தில் பான்சர் 4-க்கு நீண்ட 75 மி.மீ. பீரங்கி வந்ததும் கதை தலைகீழானது. ஆயிரம் மீட்டரிலிருந்தே டி-34-ஐத் துளைக்க முடிந்தது.

என்னைக் கேட்டால், கவசத்தையும் பீரங்கியையும் விட முக்கியம் டரெட்டுக்குள், அதாவது பீரங்கி பூட்டிய சுழலும் மேற்கூட்டுக்குள், எத்தனை பேர் என்பதுதான். பான்சர் 4-இல் மூவர். தளபதிக்குத் தனி வேலை: சுற்றிலும் பார்க்க டரெட்டின் உச்சியில் உள்ள குபோலா என்ற சிறு கூண்டில் இருந்து இலக்கைக் கண்டுபிடித்துச் சொல்வது. குறிவைக்க ஒருவர், குண்டு நிரப்ப ஒருவர். டி-34/76-இல் இருவர்தான். தளபதியே இலக்கைத் தேடி, குறிவைத்து, சுட்டு, அப்புறம் அடுத்த இலக்கையும் தேட வேண்டும். டிரைவருக்குத் திசை காட்ட பூட்ஸ் காலால் அவர் தோளை அழுத்திய தளபதிகளும் உண்டு. குண்டுகளில் பெரும்பகுதி தரைக்கடியிலுள்ள பெட்டிகளில். நிரப்புபவர் காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பைப் புரட்டித்தான் அவற்றை எடுக்க வேண்டும். முதலில் பார்த்தவன் முதலில் சுடுகிறான். அந்த ஜூலையில் வண்டிக்கு வண்டி பார்த்தால் பான்சர் 4-தான் மேல் என்பது என் முடிவு.

டி-34-இன் பலம் வேறு இடத்தில். 500 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், சேற்றில் புதையாத அகலமான சங்கிலிப் பட்டை, எல்லாவற்றுக்கும் மேல் எண்ணிக்கை. போர்க்காலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் டி-34-கள் உருவாயின. பான்சர் 4 எட்டாயிரத்து ஐந்நூறு அளவில்தான். இருவர் டரெட்டின் குறையும் தீரும்படி பின்னாளில் 85 மி.மீ. பீரங்கியோடு மூவர் உட்காரும் பெரிய டரெட் வந்தது. நீங்கள் வாங்கியிருப்பது அதுதான். 1944 காட்சி ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடலுக்குச் சில குறிப்புகள். பான்சர் 4-க்கு மணல் மஞ்சள் அடிப்பூச்சு, அதன்மேல் பச்சையும் செம்பழுப்பும். பக்கவாட்டில் மெல்லிய தகடுகளைத் தொங்கவிடுங்கள். சோவியத் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளைத் தடுக்கப் பூட்டியவை அவை. கிட்டோடு வரும் சிமெரிட் பூச்சு (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய பசை) வேண்டாம், அது சண்டைக்குப் பிறகு வந்தது. டி-34-இன் டரெட்டில் வார்ப்பின் சொரசொரப்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடாதீர்கள்.

பலகையில் இடம் மிஞ்சினால் ஒரு நீளமான அகழியும் வெட்டுங்கள். டாங்கிகளைத் தடுக்க சோவியத் தரப்பே வெட்டி வைத்திருந்தது அது. வேகமாக வந்த டி-34-கள் சில அதிலேயே விழுந்தன. விளிம்பில் மூக்குக் குத்தி, பின்பக்கம் தூக்கி நிற்கும் ஒரு டி-34-ஐ அங்கே வைக்கலாம்.