ஓடையும் பாக்கியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தில் புதிய கட்டுரை வந்திருப்பதே எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது. முகநூல் காட்டுவதில்லை. வாட்ஸப் குழு தொடங்கிச் சுட்டியை அனுப்பலாமே? பல தளங்களில் புதிதாக வருவதை ஒரே செயலியில் காட்டும் ஆர்எஸ்எஸ் ஓடையும் வைத்துப் பார்த்தேன். அறுபது தளங்கள், பாதி செய்தித்தளங்கள். நான்கே நாளில் ‘வாசிக்காதவை 1,846’ என்று நின்றது. பயந்துபோய்ச் செயலியையே நீக்கிவிட்டேன்.

அன்புள்ள நண்பருக்கு,

வாட்ஸப் குழு தொடங்க மாட்டேன். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே என்னைத் தேடுவதைவிட ஒரு வாரம் தாமதமாகவே படியுங்கள். முகநூலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அந்த 1,846ஐப் பற்றித்தான் பேச வேண்டும். போன வாரம் நானும் ‘அனைத்தும் வாசித்தாயிற்று’ பொத்தானை அழுத்திவிட்டு, ஏன் இந்தக் குற்றவுணர்வு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது என்ன வட்டிக்கடை நோட்டா? மின்னஞ்சலைப் படிக்காவிட்டால் அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார். ஓடையில் யாரும் காத்திருப்பதில்லை. அது தளத்தில் கிடக்கும், செயலிகள் படிப்பதற்கான ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. கடைசியாக எழுதிய பத்துப் பதினைந்தின் தலைப்பு, தேதி, சுட்டி, சில தளங்களில் முழுக் கட்டுரையும், அவ்வளவுதான். உங்கள் செயலிதான் அவ்வப்போது போய் ‘புதிதாக ஏதும் உண்டா?’ என்று கேட்டு வருகிறது. நீங்கள் படித்தீர்களா என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பிறகு யாருக்கு வைத்த பாக்கி அது? அந்த எண்ணைப் பெரும்பாலான செயலிகளில் மறைத்துவிடலாம். அதைக்கூடத் தேடாமல் நீக்கியதற்குப் பெயர் பயமல்ல, சோம்பல். முப்பது செய்தித்தளங்களைக் கொட்டியதும் உங்கள் கைதான். எப்போது எழுதுவார் என்றே தெரியாதவர் வாசலில் தினமும் போய் நிற்க முடியாதே, அதற்குத்தான் ஓடை. ஐந்து பேரோடு மறுபடி தொடங்குங்கள். தள முகவரியை இட்டால் போதும், பெரும்பாலும் ஓடையைச் செயலியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சோம்பலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஓடைகளைப் படிக்க நான் வைத்திருந்த கூகுள் ரீடர் சேவை 2013 ஜூலை 1 அன்று நின்றது. மார்ச் மாதமே அறிவித்திருந்தார்கள். நான் தொடர்ந்த தளங்களின் பட்டியலை, வேறு செயலிக்குக் கொண்டுபோகக்கூடிய ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? நாளை, நாளை என்றே விட்டுவிட்டேன். பிறகு ஒரு தாளை எடுத்து நினைவிலிருந்து எழுதினேன். தினமும் எழுதியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சிலந்திகளைப் பற்றி மட்டும் ஆண்டுக்கு இரண்டு கட்டுரை எழுதிய ஒருவர் வரவில்லை. ஒரு சிலந்தி இரவில் தன் வலையைத் தின்றுவிட்டு மறுபடி பின்னுவதை மணி வாரியாக எழுதியிருந்தார். ரீடரிலேயே படித்தவன் நான். அவர் தளத்தின் நிறம்கூடத் தெரியாது. சிலந்தி என்று இன்றும் தேடிப் பார்க்கிறேன். பக்கம் பக்கமாக வருகிறது. அவர் வருவதில்லை.