யுரேனியம் தேடும் கருவிகள்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தரங்கம்பாடி): கடற்கரையில் கருமணல் ஒதுங்கிய இடத்தில் நண்பரின் கைகர் கருவி விடாமல் ஒலித்தது. அங்கே யுரேனியம் இருக்கிறதா ஐயா?

பதில்: அந்த ஒலியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல இயலாது. கைகர் கருவி கதிர்களை எண்ணுமே தவிர, அவை எந்தத் தனிமத்திலிருந்து வருகின்றன என்று காட்டாது. நம் கடற்கரை மணலில் கதிர்வீச்சு மிகுந்திருந்தால், பெரும்பாலும் மோனசைட் என்னும் கனிமத்தில் உள்ள தோரியமே காரணம். பிரித்தறியக் காமா நிறமாலைமானி வேண்டும். அதிலுள்ள சோடியம் அயோடைடு படிகத்தில் கதிர் பட்டதும் எழும் ஒளியின் வலிமையைக் கொண்டு அக்கதிரின் ஆற்றல் கணிக்கப்படுகிறது: 1.46 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் பொட்டாசியம், 2.61 என்றால் தோரியம் படிப்படியாகச் சிதைவதில் வழிவந்த தாலியம்; 1.76 என்றால் அதேபோல் யுரேனியத்தின் வழிவந்த பிஸ்மத். யுரேனியத்தை அதன் வழித்தோன்றலைக் கொண்டுதான் கணிக்கிறோம் என்பதால், இடைப்பட்ட ரேடியம் நிலத்தடி நீரோடு இடம்பெயர்ந்திருந்தால் கணக்குத் தவறிவிடும். ஆகவே மாதிரியை வேதியியல் முறையில் சோதிக்காமல் முடிவு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி (கும்பகோணம்): கோயில் பிராகாரத்திலும் கதிர்வீச்சு அளவு கூடுகிறதே?

பதில்: கருங்கல்லில் இயல்பாகவே பொட்டாசியமும் தோரியமும் சிறிதளவு யுரேனியமும் உண்டு. அச்சம் வேண்டாம்.

கேள்வி (மன்னார்குடி): எங்கள் வயலுக்கு அடியில் இருப்பதை மேலிருந்தே அறிய முடியுமா?

பதில்: காமா கதிரால் முடியாது, அரை மீட்டர் மண்ணே அதைப் பெருமளவு தடுத்துவிடும், டெல்டாவிலோ வண்டல் மிக ஆழம் வரை படிந்திருக்கிறது. யுரேனியத்தின் வழிவந்து, மண்ணுக்குள் ஊடுருவி மேலேறும் ரேடான் வாயுவை அளப்பது மற்றொரு வழி. கடப்பாரையால் துளையிட்டு, குழாய் செருகி, மண்காற்றை உறிஞ்சித் துத்தநாக சல்பைடு பூசிய கலத்தில் அடைத்து, கதிர் பட்டு எழும் ஒளிப்பொறிகளை எண்ணுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுவது அவசியம். தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 56 நொடிதான் என்பதால் அதற்குள் அது ஏறக்குறைய அழிந்துவிடும், 3.8 நாள் அரை ஆயுள் கொண்ட ரேடான் நிற்கும். ஆனால் சம்பா வயலில் நீர் நிற்கும்போது வாயு மேலேறாது. கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடித்த பின்னரோ வெளிக்காற்று கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். இந்த மண்ணில் ரேடான் அளவை நம்புவதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி (நரிமணம்): எண்ணெய்க் கிணறுகளில் காமா கருவி இறக்குவது யுரேனியம் தேடவா?

பதில்: இல்லை. களிப்பாறையில் கதிர்வீச்சு கூடுதலாகவும் மணற்பாறையில் குறைவாகவும் இருப்பதால், எண்ணெய் தங்கக்கூடிய மணற்படுகையை அடையாளம் காண அதை இறக்குகிறார்கள். ஜார்கண்டின் ஜாதுகுடா போன்ற யுரேனியப் பகுதிகளில் இதே முறையைக் கையாண்டு, தாதுப் படுகையின் தடிமனையும் தரத்தையும் துளைக்குள்ளேயே மதிப்பிடுகிறார்கள்.